எசனில் கொக்கு வாங்கிய எட்டு கோல்

நான் ஜெர்மனிக்குப் போனது ஓர் இயந்திரத்தைப் பார்க்க. அம்பத்தூரில் எங்கள் கம்பெனி வால்வு செய்கிறது. வால்வைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்றை எர்லாங்கனில் வாங்கப் போகிறார்கள். அதை அங்கேயே ஓட்டிப் பார்த்து, "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். இருபத்தெட்டு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன். பாஸ்கர் கண்ணுக்கு முடியளவு கீறல்கூடத் தப்பாது என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு பொய் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு உருகுவேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வியாசர்பாடிக்காரனுக்கு உருகுவேயில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கல்யாணமான நாளிலிருந்து கேட்கிறாள்.

நாங்கள் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த வயதில், பாரிமுனையில் மூட்டையாக வாங்கிய பழைய துணிக்குள் பதினான்கு பச்சை ஜெர்சிகள் கிடைத்தன. மார்பில் ஒற்றைக் காலில் நிற்கும் ஒரு கொக்கு. அதற்குக் கீழே 'லா கார்சா' என்று எழுதியிருந்தது. அன்று முதல் நாங்கள் கொக்கு டீம். பிற்பாடு இன்டர்நெட் வந்ததும் தேடிப் பார்த்தேன். உருகுவேயில் ஓர் ஆற்றங்கரை ஊரின் சின்ன கிளப். மற்றவர்கள் "ஓகோ" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். நான் மட்டும் அந்த கிளப் வெளிநாட்டு அணிகளோடு ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தையும் தேடிப் பட்டியல் போட ஆரம்பித்தேன். அவர்களுடைய சொந்த நோட்டுகளை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆகவே இன்று அந்த கிளப்பே தன் சரித்திரத்தில் சந்தேகம் வந்தால் என் இணையப் பக்கத்தைத்தான் பார்க்கிறது.

பட்டியல் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தென்னமெரிக்கக் கோப்பைகளில் கொக்கு சில முறை இறங்கியிருக்கிறது. இறங்கிய வேகத்தில் ஏறியும் இருக்கிறது. பொலிவியாவில் மலைமேல் இருந்த மைதானத்தில் முதல் பாதியில் பந்தைக் கோட்டைவிட்டார்கள், இரண்டாம் பாதியில் மூச்சை. பராகுவேயில் கொட்டுகிற மழையில் ஒரு டிரா. அதற்கே ஊர் திரும்பியதும் பேண்டு வாத்தியம் வைத்தார்களாம். பெருவில் டிரைவர் வேறு மைதானத்துக்கு பஸ்ஸைக் கொண்டுபோய் நிறுத்தி, ஆளே இல்லாத இடத்தில் இறங்கி உடம்பைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். அதை 'வராமல் தோற்றது' என்று தனி வரியில் போட்டிருக்கிறேன். வெளிநாட்டு மண்ணில் ஒரே ஒரு வெற்றி, ஈக்வடாரில். அந்த கோலையும் எதிரணிக்காரன்தான் தன் வலைக்குள் போட்டுக் கொடுத்தான். "பிடிக்கிறதுதான் பிடிச்சீங்க, ஜெயிக்கிற டீமா பார்த்துப் பிடிக்கக் கூடாதா?" என்பாள் மனைவி.

வெளிநாட்டு அணியோடு ஆடியது நட்பு ஆட்டமாக இருந்தாலும் பட்டியலில் வரும் என்பது நான் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தால்தான் எசன் உள்ளே வந்தது. நாற்பது வருடம் முன்பு கொக்கு அணி ஜெர்மனிக்கு ஒரு சுற்றுப்பயணம் போயிருக்கிறது. எசனில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அணியோடு ஓர் ஆட்டம். எட்டுக்குப் பூச்சியம் என்று தோல்வி. கிளப்பின் சரித்திரத்திலேயே மிகக் கேவலமான தோல்வி அதுதான். பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை யாரோ ஒரு ஜெர்மன் பெரியவர் எனக்கு அனுப்பிவைத்தார். அதில் கோல்கீப்பர் பெயர் ரமோன் என்று இருந்தது. வருகிற ஒவ்வொரு பந்தையும் அவர் இரண்டு கையாலும் நெற்றிக்கு மேலே தூக்கி எதிரணிக்கே கொடுத்தார் என்று எழுதியிருந்தது. ஆறு வருடம் முன்பு அதைப் பக்கத்தில் ஏற்றி, சும்மா இருக்கமாட்டாமல் நானும் ஒரு வரி சேர்த்தேன்: "இந்த ஆட்டத்தில் ரமோன் கோல் காக்கவில்லை, பரிமாறினார்." எழுதிவிட்டு தனியாக உட்கார்ந்து சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது.

மின்னஞ்சல் எழுதியவர் அந்த ரமோனின் மகள் லூசியா. மைதானத்தின் வடக்கு வாசலுக்குத் தன் அப்பாவின் பெயரை வைக்கப் பேச்சு நடக்கிறது என்றும், நிர்வாகக் குழுவில் சிலர் என் பக்கத்தைத் திறந்து காட்டி, சுரங்கத் தொழிலாளர்களிடம் எட்டு வாங்கியவனுக்கு வாசலா என்று கேட்கிறார்கள் என்றும் எழுதியிருந்தார். தெருவில் பிள்ளைகள் "பரிமாறுகிறவரே" என்று கூப்பிடுகிறார்களாம். நான் ஜெர்மனியில் இருக்கப்போகும் முதல் ஞாயிற்றுக்கிழமை குழு கூடி முடிவு செய்கிறது.

கூடவே ஒரு படம். அந்த ஆட்டத்துக்கு முன்பு எடுத்தது. "கோல்கீப்பர் உடுப்பில் நிற்பவர் என் அப்பா இல்லை. அந்தப் பயணத்தில் போனவர்களில் இன்று ஊரில் உயிரோடு இருப்பவர் அப்பா மட்டும்தான். அவரிடம் கேட்டால், வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி எழுந்து போய்விடுகிறார்" என்று எழுதியிருந்தார்.

படத்தைப் பெரிதாக்கினேன். பதினோரு பேரில் பத்துப் பேர் உருகுவே. பதினோராவது ஆள் நம் ஊர் முகத்தோடு, ஒல்லியாக, உயரமாக, எண்ணெய் வைத்துப் படிய வாரி, பென்சில் மீசையோடு, ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்து நிற்கிறார். இதே படம்தான் பத்திரிகைத் துண்டில் மங்கலாக இருந்தது. ஆறு வருடமாக என் பக்கத்தில் கிடக்கிறது. கீழே நானே 'ரமோன்' என்று எழுதியிருக்கிறேன். முடியளவு கீறலை விடாத கண்ணுக்கு ஆறடி ஆள் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

எர்லாங்கனில் முதல் நாள் ஒரு ஜெர்மன் அம்மாளிடம் திட்டு வாங்கினேன். அந்த ஊரில் எல்லோரும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். நம் ஊர் இன்ஜினியர்களும் முதுகில் பையோடு, தலையில் ஹெல்மெட்டோடு சரம் சரமாகப் போகிறார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எனக்கும் ஒன்று ஏற்பாடு செய்தார். நான் வியாசர்பாடி வழக்கப்படி எதிர்த்திசையில் ஓட்டினேன். எதிரே வந்த அம்மாள் நின்று, இறங்கி, ஸ்டாண்டு போட்டு, எனக்கு முழுசாக ஒரு பாடம் நடத்தினார். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. விஷயம் நன்றாகப் புரிந்தது. நம் ஊரில் இப்படி நிறுத்தித் திட்டினால் கூட்டம் கூடிவிடும். அங்கே பின்னால் வந்தவர்கள் மணி அடித்துவிட்டு ஒதுங்கிப் போனார்கள்.

இயந்திரத்தைக் காட்டிய ஜெர்மன்காரர் கையில் நாற்பது பக்கப் பட்டியலோடு வந்தார். ஒவ்வொன்றாக டிக் போட்டார். நான் ஓர் அளவுமானியில் தசமத்துக்குப் பின்னால் ஒரு பிசகைக் காட்டினேன். ஆள் முகம் மலர்ந்து, ஏதோ சொந்தக்காரனைக் கண்ட மாதிரி கை கொடுத்தார். மதியம் தொத்திறைச்சி, உருளைக்கிழங்கு. மறுநாள் உருளைக்கிழங்கு, தொத்திறைச்சி. ரொட்டி மட்டும் இருபது தினுசு. அதில் ஒன்று கடித்ததும் என் கடைவாய்ப் பல் கேள்வி கேட்டது.

கோயம்புத்தூர்க்காரரிடம் படத்தைக் காட்டினேன். "சார், ஹண்ட்ரட் பெர்சென்ட் நம்ம ஃபேஸ்தான். ஆனா அந்த டைம்ல இங்க ஐ.டி.லாம் ஏது? எசன் சைடுன்னா ஸ்ரீலங்கன் தமிழ் ஃபேமிலீஸ் நிறைய இருக்காங்க. அங்க போய் விசாரிச்சுப் பாருங்க" என்றார். எனக்குச் சரியென்று பட்டது.

சனிக்கிழமை காலை ரயில் ஏறினேன். ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார் சொல்லியிருந்தார். அவர் இப்போது இருந்தால் அந்த ரயிலில் ஏற்றிவிட்டிருப்பேன். முதலில் நாற்பது நிமிடம் தாமதம். பிறகு பெட்டிகளின் வரிசை மாறிவிட்டது என்று எல்லோரும் பிளாட்பாரத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினோம். கொலோனில் நின்றதும், இன்று இந்த ரயில் இத்துடன் முடிகிறது என்று அறிவித்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. மொத்தமாகப் பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்தார்கள். என் எதிரே இருந்த அம்மாள் கணவரிடம் சொன்னதைப் பக்கத்தில் இருந்த மாணவி எனக்கு மொழிபெயர்த்தாள். "காரில் போகலாம் என்று நான் சொன்னேன்." அதற்குக் கணவர், "போன முறை காரில் போகும்போது ரயிலில் போகலாம் என்று சொன்னாய்" என்றாராம்.

அங்கிருந்து பாசஞ்சர் ரயில். உள்ளே கழுத்தில் சால்வையும் கையில் பீர் பாட்டிலுமாகக் கால்பந்து ரசிகர் கூட்டம். நிற்க இடமில்லை. தொப்பை வைத்த ஒருவர் ஆங்கிலத்தில், "உன் அணி எது?" என்று கேட்டார். செல்போனில் கொக்கைக் காட்டினேன். இது என்ன, உருகுவேயில் முதல் பிரிவா என்றார். இரண்டாம் பிரிவு, அதுவும் கீழே என்றேன். "நாங்கள் நான்காம் பிரிவு" என்று சொல்லி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெட்டி முழுக்க ஒரு நிமிடம் கொக்குக்காகக் கை தட்டினார்கள். தோற்கிற அணியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உலகமெங்கும் ஒரே சாதி.

எசன் ஸ்டேஷனிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு தமிழ்க் கடை. பின்பக்கம் அரிசி மூட்டை, முன்பக்கம் நாலு மேசை. மூன்று நாளாக உருளைக்கிழங்கில் கிடந்த நாக்குக்கு மட்டன் ரோல்ஸைக் கண்டதும் கண்ணீர் வராத குறை. இரண்டு ரோல்ஸ், ஒரு கொத்து ரொட்டி. எங்கள் ஊர்க் கொத்துப் பரோட்டாவை விடக் காரம். கடை அக்காவிடம் படத்தை நீட்டி, இவரைத் தெரியுமா என்று கேட்டேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"ஐயோ, உது எங்கட குணம் அண்ணை எல்லோ! இளம் வயசுப் படம். எங்கை எடுத்தனீங்கள்?"

"அவர் கோல்கீப்பரா இருந்தாராக்கா?"

"ஓம் ஓம். தென்னமெரிக்காக் காரருக்கு நிண்டவர். எசன் முழுக்கத் தெரியும். ஒரு கோலும் விடேல்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம், சமன்!"

ரோல்ஸ் தொண்டையில் நின்றுவிட்டது. அக்கா தண்ணீர் கொடுத்து முதுகில் தட்டினார். எட்டு கோல் விட்ட ஆளைத் தேடி வந்தவனிடம், ஒன்றுகூட விடாத ஆளைக் கொடுக்கிறார்கள்.

"நாளைக்கு கிரவுண்டிலை நிப்பார். பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பழக்கிறவர். காலமை போனீங்கள் எண்டால் பிடிக்கலாம்" என்றார் அக்கா. ரோல்ஸுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். குணம் அண்ணையைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் விருந்தாளிகளாம்.

ஞாயிறு காலை மைதானத்துக்குப் போனேன். ஓரத்தில் ஒரு கூடாரம், அதற்குள் சாப்பாட்டு டப்பாக்கள். புல்லில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் இருபது பேர். நடுவில் கழுத்தில் விசிலோடு, அறுபதைத் தாண்டிய, இன்னும் வளையாத ஓர் உயரம். குணரத்தினம் நெடுநாள் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரம் அவர் கோல்கீப்பர் சிறுமியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"சாமினி, பந்து வரேக்கை என்ன பிள்ளை, அங்காலை இங்காலை விடுப்புப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நான் அந்தக் காலத்திலை ஒண்டும் விடேல்லை, தெரியுமோ?"

"தெரியும் கோச்" என்றார்கள் இருபது பேரும் ஒரே ராகத்தில். எத்தனை முறை கேட்டிருப்பார்களோ.

நான் போய் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். சென்னை, வியாசர்பாடி, கொக்கு ஜெர்சி என்றதும் மனிதர் என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "தம்பி, உந்தக் கொக்கை நான் நெஞ்சிலை போட்டவன்!" என்றார். எப்படிப் பாய்ந்தார், எப்படி விழுந்தார் என்று புல்லில் பாதி விழுந்தே காட்டினார். என் சட்டைப் பையில் பத்திரிகைத் துண்டு எட்டுக்குப் பூச்சியத்தோடு மடிந்து கிடந்தது. வால்வில் குறை கண்டால் முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். மனிதனிடம் சொல்ல வாய் வரவில்லை. கூடாரத்து டப்பாவிலிருந்து ஒரு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று.

அவருடைய மகள் ஆரணி கூடாரத்தில் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். எசனில் பிறந்து வளர்ந்தவர், வழக்கறிஞர். நான் நாலாவது ரோல்ஸுக்குக் கை நீட்டும்போது, "உங்களுக்குப் பசியில்லை, பயம். என்ன விஷயம்?" என்று கேட்டார். துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஜெர்மனில் இருந்ததை ஒரே மூச்சில் படித்தார். படத்தைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"அப்பா, இஞ்ச ஒருக்கா வாங்கோ."

குணம் அண்ணை வந்து படத்தைப் பார்த்தார். விசிலைக் கழற்றினார். பந்து மூட்டையின் மேல் உட்கார்ந்தார். நான் லூசியாவைப் பற்றியும் வாசலைப் பற்றியும் சொன்னேன். மாலை நாலு மணிக்கு, அங்கே காலை பதினொன்று, குழு கூடுகிறது. அன்று நின்றது ரமோன் இல்லை என்று அதற்குள் ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

"உண்மையைச் சொல்லட்டோ தம்பி? நான் உதைபந்து விளையாடினதே இல்லை" என்றார்.

"அப்புறம் எப்படிண்ணை?"

"பள்ளிக்கூடத்திலை கரப்பந்து. வாலிபோல். அடிக்கிறவனுக்குப் பந்தை எடுத்துக் குடுக்கிறதுதான் என்ர வேலை. யாழ்ப்பாணத்திலை என்னை மாதிரி எடுத்துக் குடுக்க ஆளில்லை." அந்த நிலையிலும் அதைச் சொல்லும்போது தலை நிமிர்ந்தது. "நான் ஹோட்டல் குசினியிலை கோப்பை கழுவினனான். இவையள் அங்கைதான் தங்கினவை. கீப்பருக்குச் சுகமில்லை, கட்டிலாலை எழும்ப ஏலாது. வேற கீப்பர் இல்லை. அவையளின்ர மனேச்சர் குசினிக்குள்ளை வந்து ஆர் உயரம் எண்டு பாத்தார். என்ர கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போட்டார்."

"ஏன் இல்லைன்னு சொல்லலை?"

"ஆரும் என்னை எதுக்கும் கூப்பிடாத காலம் தம்பி." இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "பந்து வந்தால் கை தானா மேல போகுது. நான் என்ன செய்யிறது? வடிவா, நெத்திக்கு மேலாலை, நடுவிலை, அளவான உயரத்திலை… அவங்கள் ஓடி வந்து தலையாலை இடிச்சாங்கள். எட்டுத் தரம்."

என் நகைச்சுவை வரி நினைவுக்கு வந்தது. பரிமாறினார் என்று எழுதியது அட்சரம் பிசகாத உண்மை. ஆள்தான் மாறிப்போயிருக்கிறது.

பெயர் ஏன் மாறியது என்பதையும் சொன்னார். அப்போது அவர் அகதி விண்ணப்பம் போட்டு, தங்குவதற்கான பேப்பருக்குக் காத்திருந்தவர். அரசாங்கம் வேறொரு ஊரில் தங்கவைத்திருந்தது. அந்த எல்லையைத் தாண்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது. அவர் இரண்டையும் செய்துகொண்டிருந்தார். பெயர் பத்திரிகையில் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். "அந்தக் கீப்பரிட்டைப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டனான். போலீஸ், பேப்பர், ஸ்ரீலங்கா எண்டு தெரிஞ்ச இங்கிலீசிலை சொன்னனான். அவர் தன்ர நெஞ்சிலை கையை வைச்சார். ஆட்டம் முடிஞ்ச அடுத்த நாளே வேலையை விட்டிட்டு ஓடிப்போட்டன்."

"அப்ப அந்தப் பூச்சியம் எங்கயிருந்து வந்ததப்பா?" என்றார் ஆரணி.

"ஒருத்தன் கேட்டான், எத்தனை விட்டனீ எண்டு. எட்டு எண்டு சொல்ல வாய் வரேல்லை. பூச்சியம் எண்டு வந்திட்டுது. பிறகு அதை மாத்த ஏலாமல் போச்சு."

ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "எல்லையைத் தாண்டினதும் களவா வேலை செய்ததும் இப்ப எழுத்திலை வந்தால் என்ன நடக்குமோ?" என்றார். ஆரணி சிரித்துவிட்டார். "அப்பா, அது ஃபெர்யேர்ட். எப்பவோ காலம் கடந்திட்டுது. உங்களை இனி ஒருத்தரும் ஒண்டும் செய்ய ஏலாது. உங்கட பாஸ்போட்டே ஜெர்மன் பாஸ்போட்!"

அதன்பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. வெளியே சிறுமிகள் பந்தை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்வை அங்கேயே இருந்தது. அவர் பயந்தது போலீசுக்கு இல்லை, அந்த இருபது பேருக்குத்தான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

நான் செல்போனை எடுத்து லூசியாவின் கடைசி வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லி அப்பா எழுந்து போய்விடுகிறார் என்ற வரி.

"இன்னும் சொல்லேல்லையோ?" என்றார் குணம் அண்ணை.

"இன்னும் சொல்லலைண்ணை. பொண்ணுகிட்ட கூட."

"தெருவிலை பகிடி பண்ணியும்?"

"பண்ணியும்."

அவர் விசிலை எடுத்து மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார். பயிற்சி மாலை வரை உண்டு என்று சிறுமிகளிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "நாலு மணிக்கு எடுங்கோ. எழுதுறேல்லை, முகத்தைப் பாத்துச் சொல்லுறன்" என்றார்.

அதுவரை நான் கூடாரத்தில் உட்கார்ந்து, என் இணையப் பக்கத்தில் 'பரிமாறினார்' என்ற வரியை அழித்தேன். அழிக்க ஒரு விநாடிதான் ஆனது.

நாலு மணிக்கு ஆரணி செல்போனை ரோல்ஸ் டப்பாவில் சாய்த்து நிறுத்தினார். திரையில் லூசியா. பின்னால் நீண்ட மேசை, பத்துப் பன்னிரண்டு பேர், சுவரில் பெரிய கொக்கு. மேசையின் கோடியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழவர். யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் முதலில் என் தவறுக்காக மன்னிப்புக் கேட்டேன். முப்பது வருடமாகப் பார்க்க ஆசைப்பட்ட கிளப்பிடம் நான் பேசிய முதல் வாக்கியம் அதுதான்.

சிறுமிகள் வேடிக்கை பார்க்க வந்து கூடினார்கள். ஆரணி அவர்களை அந்தப் பக்கம் போகச் சொன்னார்.

"வேண்டாம். நில்லுங்கோ பிள்ளையள். உங்களுக்கும்தான் சொல்லப் போறன்" என்றார் குணம் அண்ணை.

நேராக நின்று, அதே விறைப்போடு சொன்னார். அன்று நின்றது தான் என்றார். எட்டு கோல் விட்டதும் தான் என்றார். ரமோன் அந்த மைதானத்துக்கே வரவில்லை. ஆரணி ஆங்கிலத்தில் சொல்ல, லூசியா ஸ்பானிஷில் சொன்னார். உருகுவேக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் எசனில் கலவரம் வெடித்துவிட்டது.

"எட்டா!" என்று கத்தினாள் சாமினி. "கோச், நான் போன கிழமை ஆறுதானே விட்டனான்! அதுக்கு என்னை மூண்டு சுத்து ஓட விட்டனீங்கள்!"

"ஓம் பிள்ளை, பிழைதான். அந்த மூண்டையும் நான் ஓடுறன்."

மேசையில் இருந்த மீசைக்காரர் ஒருவர் கையை உயர்த்தினார். இதை எப்படி நம்புவது, நாற்பது வருடத்துக்குப் பிறகு யாரும் வந்து எதையும் சொல்லலாமே என்றார். அவர் கையில் என் பக்கத்திலிருந்து அச்செடுத்த தாள் இருந்தது. குணம் அண்ணை ஆரணியைப் பார்த்தார். பிறகு நாலடி பின்னால் போனார்.

"சாமினி, எறி பாப்பம்."

சாமினி கோபத்தோடு பலமாகவே எறிந்தாள். அறுபது வயது முழங்கால் மடங்கியது. இரண்டு கையும் விரிந்து நெற்றிக்கு மேலே போயின. பத்து விரலும் பந்தை வாங்கி, சத்தமில்லாமல், நேராக மேலே அனுப்பின. அது அளவான உயரத்தில் ஏறி, அப்படியே நின்று, இறங்கியது. தலையால் இடிக்க இதைவிட நல்ல பந்து யாருக்கும் கிடைக்காது. பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி ஆசை தாங்காமல் ஓடிப்போய் இடித்தும்விட்டாள்.

மீசைக்காரர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அந்த மேசையில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோடியில் இருந்த கிழவரிடம் திரும்பி ஏதோ கேட்டார். உண்மைதானா என்று கேட்டதாக லூசியா சொன்னார்.

ரமோன் எழுந்து மெதுவாக நடந்து வந்து, மகளிடமிருந்து செல்போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே பிடித்துக் குணம் அண்ணையைப் பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சிரிப்பு அடங்கியது. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். லூசியா அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஆரணி அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அப்பா, அவர் கேக்கிறார்… பெடியனுக்குப் பேப்பர் கிடைச்சுதோ எண்டு."

குணம் அண்ணை வாயைப் பொத்திக்கொண்டார். சிறுமிகள் முன்னால் அழக்கூடாது என்று முயன்றார். முடியவில்லை.

"கிடைச்சிட்டுது எண்டு சொல்லு பிள்ளை. முப்பது வருசத்துக்கு முதலே கிடைச்சிட்டுது. நான்தான் அவருக்குச் சொல்லாமல் இருந்திட்டன்."

ஆரணி சொன்னார். லூசியா சொன்னார். ரமோன் தலையை ஆட்டினார். செல்போனை மகளிடம் கொடுத்தார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மேசைப் பக்கம் திரும்பினார்.

"அப்படியானால் இனி நான் பேசலாம்" என்றார். "அன்றைக்கு எனக்குப் பல்வலி."